கட்டுத்தறிக் காசு

புத்திசாலி என்று பெயர் வாங்கிவிட்டால் சம்பளம் கிடைக்கும், சால்வை கிடைக்கும், நிம்மதி மட்டும் கிடைக்காது. நான் பட்ட பாட்டைக் கேளுங்கள், உங்களுக்கே தெரியும்.

என் பெயர் பூவராகன். பொன்னிலூர் மன்னர் விசயகேதுவின் சபையில் விகடன். மன்னரைச் சிரிக்க வைக்க வேண்டும், அதுதான் உத்தியோகம்.

ஒரு நாள் மன்னருக்குப் பளிங்கில் ஊஞ்சல் மண்டபம் கட்ட ஆசை வந்தது. கஜானாவில் பணம் போதவில்லை. அமைச்சர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

“மன்னா, வைத்தியசாலை முற்றத்தில் எத்தனை மாடு, எத்தனை கழுதை கட்டிக் கிடக்கிறது! கட்டுத்தறிக்குக் காசு வையுங்கள். நோயாளிகளிடம் வேண்டாம், பாவம். அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் வாங்குங்கள். அவர்கள் எப்படியும் வந்துதானே ஆகவேண்டும்?”

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். சபை சிரித்தது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை.

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

மறுநாளே முரசு அறைந்தாகிவிட்டது. வைத்தியசாலை முற்றத்தில் ஊழியரின் வண்டியோ விலங்கோ நின்றால் நாளுக்கு ஒரு பணம். அவர்கள் கூலியே நாளுக்கு மூன்று பணம்தான்.

அந்த ஊழியர்களில் ஒருத்தி என் மனைவி செண்பகவல்லி. பிரசவம் பார்ப்பவள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மாட்டு வண்டியில் போய் வருவாள். அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினாள்.

“எவன் சொன்ன யோசனை இது? அவன் வாயில புழு விழ!”

மோர் குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. நான் இருமிய இருமலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஓஹோ! உங்க வேலைதானா? வெள்ளிக்கிழமைக்குள்ள இதை எடுக்க வைங்க. இல்லேன்னா நாங்க முப்பது பேரும் வேலையை விட்டு நின்னுடுவோம். அப்புறம் ஊர்ல வலி எடுக்கிறவளுக்கெல்லாம் நீங்களே போய்ப் பிரசவம் பாருங்க!”

மன்னரிடம் போய், ‘நான் சொன்னது மடத்தனம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஒரு கதை சொல்லி, அவரைச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பினேன். பழக்க தோஷம்.

வியாழக்கிழமை மன்னருக்குக் கடைவாய்ப் பல்வலி வந்தது. என் புத்திக்கு ஆகாத காரியத்தை ஒரு சொத்தைப் பல் செய்யப் போகிறது என்று உடனே தோன்றியது. குறடும் மருந்தும் வைத்தியசாலையில்தான் இருந்தன. மன்னர் பல்லக்கில் புறப்பட்டார். நான் குறுக்கு வழியில் ஓடி, கழுதைமேல் வந்துகொண்டிருந்த தலைமை வைத்தியர் நல்லபெருமாளைத் தெருமுனையில் மடக்கினேன்.

“வைத்தியரய்யா, முற்றத்தில் கழுதையை நிறுத்தாதீர்கள். இறங்கவும் வேண்டாம். சுற்றிக்கொண்டே வைத்தியம் பாருங்கள்.”

“தம்பி, எனக்கு எழுபது வயசு. கழுதைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றார். ஆனாலும் அவரும் தினம் ஒரு பணம் அழுகிறவர். ஒப்புக்கொண்டார்.

மன்னர் வந்து இறங்கினார். கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. செண்பகவல்லி உள்ளிருந்து எடுத்துக் கொடுத்த குறடும் மருந்துமாக, வைத்தியர் கழுதைமேல் முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“யோவ் வைத்தியரே! இறங்கி வாரும்!”

“இறங்கினால் கழுதை நிற்கும் மகாராஜா. நின்றால் ஒரு பணம். தாங்கள் கொஞ்சம் கூடவே வந்தால் பார்த்துவிடலாம்.”

வலி யாரைத்தான் விட்டது? மன்னர் வாயைத் திறந்தபடி கழுதையோடு ஓடினார். வைத்தியர் குனிந்து விட்ட கிராம்பெண்ணெய் முதல் சுற்றில் மீசையில் விழுந்தது. இரண்டாம் சுற்றில் காதில் விழுந்தது. வாசல் காவலன் மாசாணம் வசூல் பையோடு, கழுதையின் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினான். மூன்றாம் சுற்றில் வைத்தியர் குறடால் பல்லைப் பிடித்தார். மன்னருக்கு மூச்சு வாங்கியது. அவர் நின்றார். கழுதை நிற்கவில்லை.

பல் வந்துவிட்டது!

மன்னர் போட்ட அலறலில் மிரண்டு கழுதையும் நின்றது. மாசாணம் பாய்ந்து வந்து கையை நீட்டினான்.

“வைத்தியரே, நின்னுட்டுது! எடுங்க ஒரு பணம்!”

நான் குறுக்கே போனேன். “மாசாணம், ஆளை மாற்றிக் கேட்கிறாய். கழுதை நின்றது மன்னரின் பல்லுக்காக. மன்னரிடம் கேள்.”

அந்த அப்பாவி அப்படியே மன்னர் பக்கம் கையைத் திருப்பிவிட்டான்! மன்னருக்கு வந்ததே கோபம்.

“நான் ஏன்டா கொடுக்கணும்? என் முற்றம்! என் வேலைக்காக வந்த கழுதை! அது நிற்கிறதுக்குக் காசா?”

“அதையேதான் மன்னா, இங்கே முப்பது பேரும் கேட்கிறார்கள்” என்றேன். “எல்லாருமே உங்கள் வேலைக்காக வந்தவர்கள். நாளை முதல் வர மாட்டார்களாம்.”

மன்னர் என்னைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார். இன்னும் நீட்டியபடியே இருந்த மாசாணத்தின் கையைப் பார்த்தார். வாயில் ரத்தத்தோடு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் சொன்ன எந்தக் கதையும் வரவழைத்ததில்லை.

“தறிக்காசு ரத்து! இதுவரை வாங்கியதையும் திருப்பிக் கொடுங்கள். அது சரி” என்று எல்லாம் மறந்தவர்போல் சுற்றிலும் பார்த்தார். “இந்த யோசனையை முதலில் சொன்னவன் எவன்?”

முற்றத்தில் இருந்த அத்தனை விரல்களும் என்னைக் காட்டின. முதல் விரல் செண்பகவல்லியுடையது.

“கழுதையை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னவன்?”

வைத்தியரும் என்னையே காட்டினார்.

“அப்படியானால் உனக்குத் தண்டனையும் உண்டு, பரிசும் உண்டு. இரண்டும் ஒன்றுதான். இன்று முதல் இந்த முற்றத்துக்கு நீதான் அதிகாரி. சபை முடிந்ததும் இங்கே வா. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டு, புல் போடு, சாணம் அள்ளு.”

“எத்தனை நாளைக்கு மன்னா?”

“இந்தப் பல் எனக்கு மறுபடி முளைக்கிற வரைக்கும்.”

மன்னருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இருந்தாலும் நான் நம்பிக்கையை விடவில்லை. தினமும் காலையில் சபையில் ஏதாவது சொல்லி அவரை வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறேன். உத்தியோகத்துக்காக அல்ல, உள்ளே எட்டிப் பார்க்கத்தான்.