பின்னால் போகிற பிள்ளை

"தவழவே மாட்டேங்கா சிஸ்டர். எட்டு மாசத்துல தவழணுமாம். இவளுக்குப் பத்து முடியப்போவுது."

இசக்கி சொல்லி முடிப்பதற்குள் பிலோமினா சிஸ்டருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. காலையிலிருந்து இருபது குழந்தைகள். அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிற அறை அது. ஃபேன் சுற்றியது. காற்று வரவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இந்த மாசமும் நகரலன்னா மதுரைக்குப் போயி மூளையை ஸ்கேன் எடுக்கணும்னாரு."

மூளை என்று சொல்லும்போது மகளின் தலையைக் கையால் மூடிக்கொண்டான்.

ஒரு நோட்டை நீட்டினான். பிறந்த நாளிலிருந்து எழுதியிருக்கிறான். மூன்றாம் மாதம் தலை நின்றது. ஐந்தில் குப்புற விழுந்தாள். ஏழில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் தினமும் ஒரே வரி: தவழவில்லை.

நல்ல கையெழுத்து. அதனால் என்ன.

"காலையில எங்க இருப்பா?"

"என் மடியில."

"மத்தியானம்?"

"தோள்ல."

"சாயங்காலம்?"

"மாமியார் இடுப்புல. நான் ஆட்டோ எடுத்துட்டுப் போயிருவேன்லா."

"தரையில எப்ப இருப்பா?"

இசக்கி யோசித்தான். நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். அதிலும் இல்லை.

"கீழ விட்டா அழுவா சிஸ்டர். எம் பொண்டாட்டி நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கிட்டு இருப்பா. ஒரே ரூம். நான் என்ன செய்ய?"

 

சிஸ்டர் அவன் மகள் கனிஷ்காவை வாங்கிப் பாயில் குப்புறப் போட்டார். உடனே அழுகை.

"நீ எதிர்ல உக்காரு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வை."

"எதுக்கு?"

"வைப்பா."

வைத்தான்.

கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். மூக்கு ஒழுகியது. கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினாள்.

பின்னால் போனாள்.

"சிஸ்டர்! நகருதா!"

"ம்."

"என்னை விட்டுல்லா போறா!"

"உங்கிட்டதான் வாரா. கை தள்ளப் படிச்சிருச்சு. கால் இன்னும் படிக்கல."

இன்னொரு தள்ளு. இன்னும் தூரம். அப்பா ஏன் சின்னதாகிக்கொண்டே போகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. இன்னும் சத்தமாக அழுதாள்.

"தூக்கிரட்டா? அதான் நகர்ந்துட்டாள்லா. ஸ்கேன் வேண்டாம்லா?"

"டாக்டர்ட்ட நான் சொல்லுதேன். நீ தூக்காத. பின்னால சுவர் இருக்கு பாரு. கால் அதுல முட்டட்டும். முட்டுனா உதைப்பா. உதைச்சா முன்னால வருவா. அதுவரைக்கும் கையை எடுக்காத."

"அழுவுதாளே."

"நீயும் அழு. கையை மட்டும் எடுக்காத."

கனிஷ்கா மறுபடி தள்ளினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி தள்ளினாள்.

சுவருக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

இசக்கி எழுந்துபோய்த் தூக்கிக்கொண்டான்.