புல்லுக்கட்டும் புனுகு மெழுகும்

மஞ்சளாற்று நாட்டு ராஜா வீரகேசரிக்கு இரண்டு பைத்தியம். ஒன்று வாசனை, இன்னொன்று மாறுவேடம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புல் அறுப்பவனைப் போல வேடம் போட்டு, தலையில் புல்லுக்கட்டோடு ஊரைச் சுற்றி வருவார். மறுநாள் சபையில் மீசையைத் தடவிக்கொண்டு, "என் காதாலேயே கேட்டேன். நம் ஆட்சியில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை" என்பார். பத்து வருஷமாக இதே கதைதான்.

அவருடைய வாசனைப் பைத்தியத்தில் அகப்பட்டுக்கொண்டவள் கோமதி. அரண்மனைக்கு வாசனை மெழுகு செய்து கொடுப்பது அவள் வேலை. தேன்மெழுகை உருக்கி, சந்தன எண்ணெயும் அகிலும் கொஞ்சம் புனுகும் சேர்த்து வெள்ளிச் சிமிழில் ஆறவிடுவாள். தெருவே மணக்கும். ராஜாவுக்கு மட்டும் மணக்காது. காலையில் பூசிக்கொள்வார். கொஞ்ச நேரத்திலேயே, "போய்விட்டது, இன்னும் கொண்டா" என்பார்.

கோமதி செய்யாத வித்தை இல்லை. புனுகை இரண்டு பங்காக்கினாள். காய்ந்த தோலில் மணம் தங்காது என்று, முதலில் நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவச் சொன்னாள். உடம்பில் சூடு தங்கும் இடமாகப் பார்த்து, காதுக்குப் பின்னால், கழுத்துக் குழியில், மணிக்கட்டில் வைக்கச் சொன்னாள். "தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க" என்று பணியாட்களிடம் கெஞ்சினாள். சபையில் புலவர்கள் தும்மினார்கள். சிம்மாசனத்தைத் தேனீக்கள் சுற்றின. ராஜா மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "ஒன்றும் வரவில்லையே" என்றார்.

அமைச்சர் சடையப்பர் இதற்குத்தான் காத்திருந்தார். கோமதியின் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க அவருக்கு வெகுநாள் ஆசை. "புனுகைத் திருடுகிறாள் மகாராஜா, வேறென்ன?" என்று போட்டுக்கொடுத்தார்.

ராஜா கோமதியை அழைத்தார். "வருகிற வெள்ளிக்கிழமை காலையில் பூசுவது விளக்கு வைக்கும் நேரம் வரை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றே நீ நாட்டை விட்டுப் போய்விடு."

திருடி என்ற பெயரோடு எந்த ஊரில் போய் அடுப்பு மூட்டுவது? சபையில் சாதுர்யத்துக்குப் பேர் போன தாண்டவராயரின் வீட்டுக்குக் கோமதி ஓடினாள்.

"அண்ணா, நான் ஒரு பொட்டுக்கூட எடுக்கலை."

"தெரியும்மா. நீ எடுத்திருந்தா நாங்க இப்படித் தும்மிக்கிட்டிருப்போமா?"

"பின்னே அவருக்கு மட்டும் ஏன் தெரியலை?"

"செக்கு ஆட்டுறவனுக்கு எண்ணெய் வாசனை தெரியுமா? கூடவே இருந்தா மூக்கு பழகிப் போயிரும்."

"அதை ராஜாகிட்ட சொல்லுங்களேன்."

"உங்க மூக்கு சரியில்லைன்னு நான் ராஜாகிட்ட சொல்லணுமா? எனக்குக் கழுத்து மேல தலை வேணும்மா. நீ வழக்கம்போல பூசச் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ஒரு தரம் மெழுகு பூசினார்கள். சாயங்காலம் தாண்டவராயர் ராஜாவிடம் வந்தார். "மகாராஜா, இன்று மாறுவேட நாள். நாங்களும் கூட வருகிறோம். வாசனை நின்றதா இல்லையா என்று ஊரே சொல்லட்டும்."

"என்னை யார் என்று தெரிந்தால்தானே சொல்வார்கள்?" என்று ராஜா சிரித்தார். இருந்தாலும் சம்மதித்தார்.

ராஜா புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டார். அமைச்சரும் தாண்டவராயரும் கோமதியும் அழுக்குத் துணி உடுத்திப் பின்னால் போனார்கள். ஆற்றுப் பாலத்தருகே ஒரு புதர் மறைவில் தாண்டவராயர் எல்லோரையும் நிறுத்தினார். அங்கே எதிர்க்காற்று. புதருக்கு அந்தப் பக்கம், முழங்காலில் சிராய்ப்போடு ஒரு தயிர்க்காரி, துணி துவைப்பவனிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூணு பானைத் தயிரும் ஆத்தோட போச்சு. பாலத்துல உளுத்த பலகையைப் போட்டானே அந்த அமைச்சன், அவனைச் சொல்லணும். அதை ஏன்னு கேக்காத ராஜாவைச் சொல்லணும்."

ராஜாவின் முகம் சுருங்கியது. பத்து வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு அவர் காதில் விழுந்ததே இல்லை. சடையப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. தாண்டவராயர் ராஜாவின் கையைப் பிடித்துக் காற்று வருகிற பக்கமாகப் புதரைச் சுற்றி அழைத்துப் போனார்.

"ரெண்டு பேரையும் சேர்த்து நிக்க வெச்சு..." தயிர்க்காரி சட்டென்று நிறுத்தினாள். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினாள். "நிக்க வெச்சு மாலை போட்டுக் கும்பிடணும். பாலம் எவ்வளவு உறுதி பாத்தியா?"

"யானையே போகலாம்" என்றான் துணி துவைப்பவன், தலையைத் திருப்பாமலே.

ராஜா புதரை விட்டு வெளியே வந்தார். "ஏம்மா, நான் வெறும் புல்லுக்காரன். என்னைப் பாத்து ஏன் பேச்சை மாத்தினே?"

"நான் எங்க சாமி பாத்தேன்?" தயிர்க்காரி கைகூப்பினாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க தெருவுல திரும்பறதுக்கு முந்தியே வாசனை வந்துரும். அது வந்த உடனே ஊரே நல்லதாப் பேச ஆரம்பிச்சுரும். பத்து வருஷமா இப்படித்தான்."

அந்தச் சமயம் கோயிலில் விளக்கு வைத்து மணி அடித்தார்கள். கோமதிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மானம் தப்பியது.

"காலையில் பூசிய மெழுகு நின்றுவிட்டது மகாராஜா" என்றார் தாண்டவராயர். "பத்து வருஷமாக உங்கள் பக்கத்தில் நிற்காமல் ஓடியது வாசனை அல்ல, உண்மை."

ராஜா புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோமதிக்குத் தன் கைக்காப்பையே கழற்றிக் கொடுத்தார். தயிர்க்காரிக்குப் பானைகளோடு இரண்டு எருமையும் தரச் சொன்னார். அப்போதுதான் மெல்ல நழுவிக்கொண்டிருந்த அமைச்சர் அவர் கண்ணில் பட்டார்.

"சடையப்பரே, எங்கே கிளம்பிவிட்டீர்? நாளையே இந்தப் பாலத்துக்கு உம்முடைய செலவில் புதுப் பலகை போடும். அடுத்த வெள்ளிக்கிழமை இந்த மெழுகைப் பூசிக்கொண்டு, இந்தப் புல்லுக்கட்டோடு வடக்குத் தெருவில் நீர் நடக்கிறீர். நான் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஊர் பேசுவதைக் கேட்கத் தெற்குத் தெருவுக்குப் போகிறேன்."

சடையப்பர் புல்லுக்கட்டின் கனத்தைப் பார்த்து எச்சில் விழுங்கினார். "எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் மகாராஜா?"

ராஜா கோமதியைப் பார்த்தார்.

"விளக்கு வைக்கிற வரைக்கும் நிக்கும் மகாராஜா" என்றாள் கோமதி.