மிஞ்சிய சிலிண்டர்

சிலிண்டரின் கைப்பிடியை ஒரு பக்கம் தெய்வானை பிடித்திருந்தாள், மறுபக்கம் லூர்து.

"விடு லூர்து. சாயங்காலம் என் மக பச்சைப் பிள்ளையோட வந்து இறங்குறா. இந்த மாசம் மண்ணெண்ணெயும் கிடைக்கல, வெந்நீருக்கு நான் எங்கே போவேன்?"

"என் பேர்ல வந்த சிலிண்டர். நீங்க பாட்டுக்கு உருட்டிட்டுப் போனா எப்படிக்கா?"

மூன்றாவது வாசலில் நின்றிருந்த பல்கீஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள். "அதுல எனக்கும் பாத்தியதை இருக்குதுக்கா."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சிலிண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீடுகளில் லூர்துவிடம் மட்டும்தான் கேஸ் இணைப்பு இருந்தது. தெய்வானை மண்ணெண்ணெய் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று வீட்டுச் சோற்றுக்கு மூன்று நெருப்பு எதற்கு? லூர்துவின் பெரிய குக்கரில் அடுக்கடுக்காக அரிசியும் பருப்பும் காயும் வைத்து, ஒரே அடுப்பில் ஏற்றுவது. இரண்டு விசிலில் இறக்கி, பழைய போர்வை திணித்த மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவது. மீதியை உள்ளே இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும்.

தெய்வானையும் லூர்துவும் காலையில் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பல்கீஸ் கைக்குழந்தைக்காரி, கடைசியாகக் குடிவந்தவள். சமைப்பது அவள் வேலை, அதனால் கேஸ் செலவில் மற்றவர்கள் கொடுப்பதில் பாதிதான் அவள் பங்கு. நோயாளியான லூர்துவின் புருஷன் வீட்டிலேயே இருந்ததால் பகலில் அங்கே போய்ச் சமைக்கத் தடையில்லை. உச்சிவேளையில் பெட்டியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். போர்வையால் ஆகும் மிச்சம் சில மாதங்களிலேயே பிடிபட்டுவிட்டது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அடுத்த சிலிண்டருக்குச் சொல்லிவைப்பார்கள். பழையது தீர்வதற்கும் புதியது வருவதற்கும் சரியாக இருக்கும்.

இந்தத் தடவை புதியது வந்தும் பழையது தீரவில்லை. லூர்து தூக்கிப் பார்த்தாள். கனமாகவே இருந்தது. இழுபறி அந்தப் பழைய சிலிண்டருக்குத்தான்.

"யோசனை யாருது?" என்றாள் தெய்வானை. "போர்வை யாருது? நான் சொல்லலைன்னா இது எப்பவோ காலி."

"யோசனைய அடுப்புல வச்சா சோறு வேகுமா?" லூர்து விடவில்லை. "வீட்டுக்காரரைச் சித்திரையிலேருந்து வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு ஓடுறேன். விடியறதுக்குள்ள வீட்டைப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு ஓடுற ஓட்டத்துலயும் குக்கரைக் கழுவி வாசப்படியில வச்சுட்டுத்தான் போறேன். எங்கம்மா கொடுத்த சீர் அது. அடியப் பாருங்க, காக்கா மாதிரி கறுத்துக் கெடக்கு. நான் ஏதாவது கேட்டனா?"

தெய்வானை வாசலில் கவிழ்த்திருந்த குக்கரைப் பார்த்தாள். கேஸில் வைக்கிற பாத்திரம் எப்படி இப்படிக் கறுக்கும்? அந்தக் கேள்வி மனதில் நிற்பதற்குள் இன்னொன்று வந்து மறித்தது. கேஸ் கிடைக்காவிட்டால் கொட்டாங்குச்சியிலாவது வெந்நீர் போடலாம் என்று நேற்று வீடுகளின் பின்சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்திருந்தாள். எத்தனையோ மாதமாக வீசி எறிந்தவை, ஒன்றுகூட இல்லை. யார் எடுத்திருப்பார்கள்?

"நீ எதுக்குடி கேக்குறே?" லூர்து பல்கீஸிடம் திரும்பினாள். "கொடுத்தது பாதிக் காசு. மொதல்ல அழறத நிறுத்து. லாரி வடக்கே போனா திரும்பி வரத்தான் செய்யும். புருஷனை நெனச்சு நெனச்சு கண்ணு கோவைப்பழமாட்டம் ஆயிருச்சு."

"நான் அதுக்கு அழலக்கா."

"பின்ன?"

பல்கீஸ் முந்தானையை மறுபடி கண்ணில் ஒற்றினாள். "சும்மா கேக்கலக்கா. அவ்வளவுதான்."

சும்மா கேட்கவில்லை என்றால் எதற்காகக் கேட்கிறாள்? தெய்வானைக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோசனை தன்னுடையது. அடுப்பும் பெயரும் லூர்துவுடையவை. கையால் ஆக்கிப் போட்டவள் பல்கீஸ். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. மகளோ சாயங்காலம் வந்துவிடுவாள். தம்பி வீட்டிலிருந்து இரவல் வாங்கிய கேஸ் அடுப்பு உள்ளே காத்திருக்கிறது. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எதற்காகப் பிடிக்கிறோம் என்பதில் மட்டும் அவளுக்கு முன்பிருந்த நிச்சயம் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் சொல்லுங்கள். அந்தச் சிலிண்டர் மூவரில் யாருக்குச் சேர வேண்டியது?

பல்கீஸுக்கு. போர்வையின் மிச்சம் முன்பே கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் மிஞ்சியது சித்திரைக்குப் பிறகு வந்தது. லூர்து சாவியோடு ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் அடுப்பு பூட்டிய வீட்டுக்குள் இருந்தது, குக்கர் வெளியே இருந்தது. அன்றும் உச்சிவேளைக்குச் சோறு இருந்தது. சாவியைப் பல்கீஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று தெய்வானை நினைத்தாள். தெய்வானையின் மண்ணெண்ணெய் அடுப்பில் ஆக்குகிறாள் என்று லூர்து நினைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வேளை சோறு தவறினாலும் பாதிப் பங்குக்காரியைக் கழற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், பல்கீஸ் அந்தச் சுவருக்குப் பின்னால், அதன் அடியில் மறைவாக மூன்று கல் கூட்டி, கிடைத்ததைப் பொறுக்கி எரித்துக்கொண்டிருந்தாள். சிலிண்டரில் மிஞ்சியிருந்தது அவள் விழுங்கிய புகை. குக்கரின் கரியைப் பற்றித் தெய்வானை கேட்டதில் விஷயம் வெளிவந்ததும் லூர்துவே சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தினாள். பல்கீஸிடம் கேஸ் அடுப்பு கிடையாது என்பது அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள். சந்துக்குள் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. தெய்வானை சேலையைத் தூக்கிச் செருகி, வெந்நீர்ப் பானையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்த மூன்று கல்லுக்கு முன்னால் குத்தவைத்து, பனியன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து உள்ளே செருகினாள்.