மூலை உடைந்த கல்

"எல்லாரும் ஆளுக்கொரு கல்லு கொண்டாந்திருக்காங்க. நீ மட்டும் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து நிக்கியே அக்கா, இது நல்லாவா இருக்கு?"

இசக்கிராஜ் கேட்டான்.

உலகம்மாள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.



அவர்கள் நின்ற இடத்துக்கு மூக்கறுத்தான் பாறை என்று பெயர். தார்ச்சாலை முடிந்து, வண்டித்தடம் முடிந்து, ஆட்டுத்தடமும் முடிந்த பிறகு, ஓடைக்கு மேலே சரிந்து கிடக்கிற மொட்டைப் பாறை. நடுவில் முழங்காலுயரத்துக்கு ஒரு படி. அந்தப் படியில் முட்டி முன்பக்கத்தைப் பறிகொடுத்த ஜீப்புகள் ஏராளம். பேர் வந்தது அப்படித்தான்.

பாறையில் ஜீப் ஏற்றுவது ஒரு பைத்தியம். அதில் வேகம் கிடையாது. நத்தை மாதிரி ஊர வேண்டும். நாற்பதடி ஏற அரைமணி நேரம் ஆகும்.

இந்தப் பக்கத்து மலைகளில் அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் பூதலிங்கம் அண்ணன்.

கடையத்தில் பட்டறை வைத்திருந்தார். எந்த மலையில் எவன் மாட்டிக்கொண்டாலும் கிளம்பிவிடுவார். போனதும் திட்ட மாட்டார். ஃபிளாஸ்க்கைத் திறப்பார். "முதல்ல டீயைக் குடி. ஜீப்பு எங்கயும் போகாது" என்பார். அந்தரத்தில் தொங்குகிற ஜீப்பில் இருப்பவனுக்கு அதைக் கேட்டால் அழுகை வரும், சிரிப்பும் வரும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மூக்கறுத்தானில் முதலில் ஏறியவர் அவர். அன்றைக்குக் கூட இருந்தது உலகம்மாள் ஒருத்திதான்.

அவள் கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தவள். பாறையைப் பார்த்தே அது எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று சொல்லிவிடுவாள். அண்ணன்தான் அழைத்து வந்தார். ஓட்டுகிறவனுக்குத் தன் டயருக்குக் கீழே இருப்பது தெரியாது. அதனால் அவள் ஜீப்புக்கு முன்னால் நிற்பாள். விரலை அசைத்தால் திருப்ப வேண்டும். முட்டியை மடக்கினால் நிறுத்த வேண்டும். அவளைக் கைகாட்டி என்பார்கள்.

இசக்கிராஜ் அவளைவிட இரண்டு வயதுதான் இளையவன். ஆனாலும் பத்து வருஷமாக அவளிடம்தான் பாடம். பாடம் என்றால், அவள் வாயைத் திறந்து சொன்னது எல்லாம் சேர்த்து நூறு வார்த்தை இருக்காது.

இன்று அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாள்.

நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அண்ணன் ஏறிய பாறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கல். பாறையின் அடியில் அவற்றை அடுக்கி, உச்சியில் அண்ணனின் கல்லை வைத்திருந்தார்கள். பூசணிக்காய் அளவு. ஒரு மூலை உடைந்தது. சாகும்வரை அண்ணன் அதைத் தன் ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு திரிந்தார். எவன் வண்டி சறுக்கினாலும் இறங்கிப்போய் டயருக்கு முட்டுக்கொடுப்பார்.

போடிக்காரன் தவசியின் ஜீப் அருவியில் விழாமல் நின்றதே, அப்போதுதான் அந்த மூலை உடைந்தது என்று தவசி சொல்வான். தவசி அதை எல்லாரிடமும் சொல்வான்.

இப்போது அந்தக் கல்லுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை.

"அதுக்கு எதுக்கு மாலை?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"பின்னே? அண்ணன் கல்லுல்லா!"

"வேலை செய்யுத கல்லு அது."

இசக்கிராஜுக்குச் சுருக்கென்றது.

"அக்கா, அண்ணன் ஞாபகம் உனக்கு கொஞ்சமாவது இருக்கா? செத்தன்னைக்கும் நீ அழலை. இன்னைக்கு ஒரு கல்லு கொண்டார மனசில்லை."

அவள் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு தூறியிருந்தது. படிக்குக் கீழே பாசி பச்சையாக மினுங்கியது.

அண்ணனின் ஜீப்பை இன்று இசக்கிராஜ் ஏற்ற வேண்டும். அண்ணனின் மனைவி சாவியைக் கொடுக்கும்போது, "வண்டி எனக்கு வேண்டாம்யா. நீ முழுசா வந்துரு" என்றிருந்தாள்.

அண்ணன் ஏறியது மாதிரியே ஏறுவது என்பது அவன் வைராக்கியம். அதாவது, டயருக்குக் கீழே ஒரு கல்கூட வைக்காமல். மூக்கறுத்தானில் கல் வைக்காமல் ஏறிய ஒரே மனிதர் பூதலிங்கம் அண்ணன் என்பது ஊரறிந்த சங்கதி. யார் முதலில் சொன்னது என்றுதான் தெரியாது.

அதற்காகக் காலையிலேயே எல்லாருமாகச் சேர்ந்து, பாறையிலும் சுற்றிலும் கிடந்த உதிரிக் கற்களை ஒன்று விடாமல் பொறுக்கி ஓடைக்குள் வீசியிருந்தார்கள். இடம் பெருக்கிவிட்ட முற்றம் மாதிரி இருந்தது.

"ஏல இசக்கி" என்றாள் உலகம்மாள். "படிகிட்ட ஒரு கல்லு வேணும்."

"அண்ணன் வச்சாரா?"

அவள் வாயைத் திறந்தாள்.

அவன் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டான். சாவியைத் திருகினான். கூட்டம் கைதட்டியது. தவசி விசில் அடித்தான்.

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். பாறைமேல் ஏறிப்போய், படிக்கு மேலே நின்று, இரண்டு கைகளையும் தூக்கினாள்.

வா.

ஜீப் ஊர்ந்தது.

அவளுடைய இடது சுண்டுவிரல் அசைந்தது. இசக்கிராஜ் இம்மி திருப்பினான். உள்ளங்கை தாழ்ந்தது. அவன் காலைத் தளர்த்தினான். இடது பக்கம் பள்ளம். முப்பதடி. அடியில் காலையில் அவர்களே வீசிய கற்கள்.

பத்தடி. இருபதடி.

படி வந்தது.

அவள் முட்டியை மடக்கினாள். நில்.

அண்ணன் இந்த இடத்தில் நின்றிருப்பாரா என்று அவன் நினைத்தான். நின்றிருக்க மாட்டார் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

காலை அழுத்தினான்.

வலது முன்சக்கரம் படியில் ஏறியது. ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது. கண்ணாடி முழுக்க மேகம். உலகம்மாளைக் காணவில்லை.

இடது பின்சக்கரம் பாசியில் சுற்றியது. ரப்பர் கருகுகிற வாடை.

பிறகு ஜீப் பின்னால் நகர்ந்தது.

பிரேக்கை மிதித்தான். நான்கு சக்கரமும் நின்றுவிட்டன. ஜீப் நிற்கவில்லை. ஒரு விரற்கடை சறுக்கியது. நின்றது. இன்னொரு விரற்கடை.

"கயிறு! கயித்த எடுத்தா!"

எவனோ ஓடினான். கயிறு கீழ்த்தடத்தில் நின்ற வண்டியில் இருந்தது. அவன் போய்த் திரும்பி வரும்வரை ஜீப் நிற்க வேண்டுமே.

"கல்லு! கல்லு வைங்கடே!" தவசியின் குரல்.

பக்கக் கண்ணாடியில் இசக்கிராஜ் பார்த்தான். கீழே நின்ற எல்லாரும் குனிந்து தரையைத் தேடினார்கள். பெருக்கிவிட்ட தரை. ஒரு கூழாங்கல் இல்லை. அவர்கள் தேடிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஆளுயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. ஒருத்தன்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இன்னொரு விரற்கடை.

"குதிச்சிரு இசக்கி!"

குதிக்கவும் வழியில்லை. வலது பக்கம் எழும்பி நின்றது. அவன் எடை மாறினால் அதோடு புரளும்.  பிரேக்கை மிதித்த காலின் முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பிரேக்கை விடாத."

பக்கத்தில் உலகம்மாளின் குரல். ஓடவில்லை, நடந்துதான் கீழே இறங்கிப்போனாள்.

"ஜீப்பு எங்கயும் போகாது" என்றாள், போகிறபோக்கில்.

கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். கல்குவியலின் முன்னால் நின்றாள். எட்டி, உச்சிக்கல்லில் இரண்டு கையையும் வைத்தாள்.

"அக்கா! அதுல கை வைக்காத! சாமி மாதிரி வச்சிருக்கோம்!" தவசி குறுக்கே வந்தான்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் விலகினான்.

"அக்கா, அது அண்ணன் கல்லு!"

கத்தியது யாரென்று இசக்கிராஜுக்கு ஒரு நொடி புரியவில்லை. கத்தியது அவன்தான். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு.

கல்லை அவள் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாலை முழங்காலில் இடித்தது. மேலே வந்தாள். ஜீப்பின் இடது பக்கமாக வந்தாள். டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இரண்டு சாண் இடம்கூட இருக்காது.

ஜீப் இன்னொரு முறை சறுக்கினால் முதலில் போவது அவள்.

கண்ணாடியில் அவள் குனிவது தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை.

ஓடையின் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

டொக்.

ஒரே சத்தம். கதவின் தாழ் குழியில் விழுகிற மாதிரி.

ஜீப் நின்றது.

நின்றது என்றால், வேர்விட்டது மாதிரி நின்றது.

கண்ணாடியில் தவசி தெரிந்தான். குவியலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். அதற்குப் பின்னால் எல்லாரும். வலது பின்சக்கரத்துக்கு ஒன்று, அதற்கு முட்டாக ஒன்று. குவியல் இடுப்பளவுக்குக் குறைந்தது. பிறகு முழங்காலளவுக்குக் குறைந்தது.

உலகம்மாள் மறுபடி படிக்கு மேலே போய் நின்றாள். சேலை முழுக்கக் குங்குமம்.

இரண்டு கைகளையும் தூக்கினாள்.

வா.

இந்த முறை இசக்கிராஜ் அவள் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பின்சக்கரம் கல்லை மிதித்து எழும்பியது. ஜீப் ஒரு உலுக்கு உலுக்கி, படியைத் தாண்டி, உச்சியில் போய் நின்றது.

யாரும் கைதட்டவில்லை.

அவன் இறங்கினான்.   பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து படிக்குக் கீழே இறங்கினான்.

கல் அங்கேயே இருந்தது. செவ்வந்தி கூழாகியிருந்தது. குங்குமத்தின்மேல் டயரின் அச்சு. பாறையில் ஒரு வெடிப்பு, அதற்குள் கல் அமர்ந்திருந்தது.

எடுத்துக் கழுவி மறுபடி உச்சியில் வைக்க வேண்டும் என்று நினைத்தான். பிடித்து இழுத்தான். வரவில்லை. ஆட்டி, நெம்பி, மூச்சுப்பிடித்துத் தூக்கினான்.

கல் வந்தது.

வெடிப்புக்குள்ளே, பாசிக்கு அடியில், ஒரு துண்டுக் கல் கிடந்தது. ஓரமெல்லாம் மழையில் மழுங்கிப் போயிருந்தது. விரலை விட்டு அதை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

அண்ணன் கல்லின் உடைந்த மூலையில் அதை வைத்தான்.

பொருந்தியது.

தவசி எட்டிப் பார்த்தான். அருவியில் உடைந்ததாகத் தான் சொல்லிவந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தான். 

இசக்கிராஜ் நிமிர்ந்தான். உலகம்மாள் படியில் உட்கார்ந்து, கையில் அப்பிய குங்குமத்தைப் பாசியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"ம்."

"நேரா வந்து வச்சுட்டியே. எங்க வைக்கணும்னு நீ தேடவே இல்லையே."

அவள் கையைத் துடைத்து முடித்தாள்.

"அன்னைக்குத் தேடினேன்" என்றாள்.