அரண்மனை ஜன்னல்

“உங்க வாசலிலேயே எனக்கு வயசாயிடுச்சு, அம்மா. உள்ளே இருக்கிறதை எப்போ காட்டப் போறீங்க?”

வைத்தியலிங்கம் கேட்டேவிட்டார்.

குரு அங்கயற்கண்ணியைவிட அவர்தான் வயதில் மூத்தவர். ஆனாலும் அவளை அம்மா என்றே கூப்பிடுவார். சீடராக வந்த நாள் முதல் தண்ணீர் இறைத்தார், விறகு பிளந்தார், சோறு வடித்தார். உபதேசம் என்று ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பொறுத்துப் பொறுத்து மனுஷனுக்கு அலுத்துப்போய்விட்டது. நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறேன் என்று மூட்டையும் கட்டிவிட்டார்.

அம்மா கோபப்படவில்லை. போகிறதுக்கு முன்னால் பட்டணத்துக்கு வெளியே இருக்கிற பழைய அரண்மனையைப் பார்த்துவிட்டு வரலாம், கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

போனார்கள்.

அரண்மனையைச் சுற்றிப் பெரிய தோட்டம். எந்தக் காலத்து ராஜாவோ ஆசை ஆசையாகப் போட்டது. வளைந்து வளைந்து போகிற பாதை, குளம், கரையெல்லாம் மகிழமரம். அம்மா மரத்துக்கு மரம் நின்றாள், உதிர்ந்த பூவைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். வைத்தியலிங்கத்துக்கு இதெல்லாம் கண்ணில் பட்டால்தானே! மேட்டின் மேல் தெரிந்த அரண்மனைக் கதவையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஒரு மகிழமரத்தடியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க போய் உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டு வாங்க.”

அவர் ஓடாத குறைதான்.

காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு கூடம், அதைத் தாண்டி இன்னொரு கூடம். சிம்மாசனம் இல்லை, சரவிளக்கு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதற்கா இத்தனை தூரம் என்று அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ராஜா எங்கேதான் உட்காருவார் என்று கேட்டார்.

காவல்காரர் கடைசி அறையைக் காட்டினார். ஒரு ஜன்னல், அதை ஒட்டி ஒரு கல்மேடை. பொழுதுக்கும் ராஜா இங்கேதான் இருப்பாராம் என்றார்.

வைத்தியலிங்கம் அதில் உட்கார்ந்து பார்த்தார்.

கீழே தோட்டம். குளம். மகிழமரத்தடியில் அம்மா.

கட்டுச்சோற்றைப் பிரித்து இரண்டு இலை போட்டிருந்தாள். தன் இலையைத் தொடவில்லை. முந்தானையால் அவர் இலையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நெற்றியில் கை வைத்து மேட்டுப் பாதையைப் பார்த்தாள்.

சமைத்தவர் வந்து உட்காராமல் அம்மா சோற்றில் கை வைக்க மாட்டாள். அது அந்த வீட்டு வழக்கம். அடுப்படியை ஒழித்துவிட்டு வர அவருக்கு எப்போதும் நேரமாகும். அவள் காத்திருப்பதைப் பார்த்து, சீக்கிரம் வாங்க என்று நெருக்குகிறாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எவ்வளவு கொடுத்துவைத்தவன் என்று வாய்விட்டே சொன்னார்.

இறங்கி வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்.

“உள்ளே என்ன இருந்துச்சு?”

“ஒரு ஜன்னல், அம்மா.”

“அப்போ, நாளைக்குக் கிளம்பறீங்களா?”

“நாளைக்குத் தண்ணி இறைக்கணும். நீங்க சாப்பிடுங்க, அம்மா.”