அக்கரை மருதம்

“மருந்து கேட்கலம்மா,” என்றார் மாசிலாமணி. “நாற்பது நாளாச்சு. அந்த ஓடக்காரர் பத்தியம் இருந்திருக்க மாட்டார்.”

வைத்தியர் உலகம்மை சுக்கு இடிப்பதை நிறுத்தினார்.

சீடர் மாசிலாமணி அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஐம்பது தாண்டித்தான் வைத்தியம் கற்க வந்தார். அதனால் உலகம்மை அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“நெஞ்சு நோவுக்கு என்ன கொடுத்தீங்கண்ணே?”

“மருதம்பட்டைத் தூள். நீங்க சொன்னபடி பாலில் காய்ச்சித்தான்.”

“அப்போ அவரையே கேட்டிருவோம். வரச் சொல்லுங்க.”

ஓடக்காரர் மாடக்கண்ணு வந்தார். ஆறு நிறைந்து ஓடும்போதும் ஒற்றை ஆளாய் ஓடம் தள்ளியவர். இப்போது முற்றத்தைக் கடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

“அண்ணாச்சி, பத்தியம் ஒழுங்கா இருந்தீங்களா?”

அவர் தலை குனிந்தார்.

“ஒரு நாள் தப்பிட்டேன் தாயி. பேத்திக்குக் காதுகுத்து. கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தாக. ரெண்டே வாய்தான்.”

மாசிலாமணியின் பக்கம் கைகூப்பினார்.

“ஐயா தினமும் வீடு தேடி வந்து கொடுத்தாக. பத்தியமான்னு கேட்டப்போ ஆமான்னு பொய் சொல்லிட்டேன். அன்னையிலிருந்து அவுக முகத்தைப் பார்க்க முடியல. மன்னிச்சு, இன்னும் கொஞ்ச நாள் கொடுக்கச் சொல்லுங்க.”

மாசிலாமணி சொன்னது சரியாகிவிட்டது. இனி யாரும் அவரை எதுவும் கேட்கப் போவதில்லை.



உலகம்மை தூள் டப்பாவை எடுத்துச் சீடரின் கையில் வைத்தார்.

“கொடுங்கண்ணே.”

கை நீளவில்லை.

“கொடுங்க.”

“இது மருதம் இல்லம்மா,” என்றார் மாசிலாமணி. “நம்ம கிணத்தடி நாவல் பட்டை.”



“மருதமரம் அக்கரையில இருக்கு. இவர் படுத்துட்டதால ஓடம் இல்லை. தடுப்பணை வழியாச் சுத்திப் போனா நாலு மைல். நடக்கச் சோம்பல் பட்டேன். ரெண்டும் துவர்க்கிற பட்டைதானேன்னு இடிச்சுட்டேன். அதுக்குள்ள ஊர்ல சின்ன வைத்தியர்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் சொல்ல வாய் வரல.”

மாடக்கண்ணு நிமிர்ந்தார்.

“அப்போ கருவாட்டால இல்லையா?”

“இல்லை அண்ணாச்சி.”

“அப்பாடா,” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. “பிள்ளை விசேஷத்தையே நொந்துக்கிட்டுக் கிடந்தேன்.”

திட்டுவார் என்று காத்திருந்த மாசிலாமணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம்மை எழுந்து ஓடக்காரரின் எதிரே வந்து நின்றார்.

“நாற்பது நாள்ல ஒரு தடவைகூட அந்தத் தூளை நான் முகர்ந்து பார்க்கல. என்னையும் நீங்க மன்னிக்கணும்.”

உலகம்மை கைகூப்பியதை மாசிலாமணியால் பார்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு தடுப்பணைக்குப் போக வாசலில் இறங்கினார்.

பின்னாலிருந்து மாடக்கண்ணுவின் குரல் வந்தது. மூச்சு இரைத்தது.

“ஐயா, வெயில் ஏறுது. தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போங்க.”

மாசிலாமணி போட்டுக்கொண்டார்.