ஆலாலசுந்தரம் படித்த சீன எழுத்து

பவழப்பட்டினத்து ராஜாவின் சபையில் ஆலாலசுந்தரம் என்று ஒரு விகடகவி இருந்தார். அவருக்குத் தெரியாத வித்தை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடுவது.

ஒருநாள் துறைமுகத்துக்கு வந்த சீனக் கப்பலின் தலைவன் லின், ராஜாவுக்கு ஒரு பீங்கான் ஜாடியை அனுப்பிவைத்தான். அதன் வயிற்றில் ஒரே ஓர் எழுத்து. காற்றில் முறிந்த குடைக்குப் பக்கத்தில் யாரோ கைத்தடியைச் சாத்திவைத்த மாதிரி இருந்தது.

"என்ன எழுத்து இது?" என்றார் ராஜா.

"பூ, இதுதானா!" என்றார் ஆலாலசுந்தரம். "சின்ன வயசில் சீனாக்காரர்களோடு கப்பலேறிக் கஞ்சி குடித்தவன் நான்."

உண்மையில் அவர் கடலைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அதுவும் கால் நனையாமல்.

பண்டிதர் சடகோபர் இதற்குத்தான் பல நாளாய்க் காத்திருந்தார். "அப்படியானால் அர்த்தத்தையும், எழுத்து பிறந்த கதையையும் சொல்லட்டும் பிரபு! மூன்றாம் நாள் லின்னையே கூப்பிட்டுச் சரிபார்ப்போம். தவறினால் இவர் ஆசனம் எனக்கு."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

ஆலாலசுந்தரம் ஜாடியை நிமிர்த்திப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், உள்ளே தலையை விட்டும் பார்த்தார். தலையை வெளியே எடுக்க இரண்டு சேவகர்கள் வேண்டியிருந்தது. அர்த்தம் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம், போகிற ஆசனம் போகட்டும் என்று தோட்டத்து வேப்பமரத்தில் சாய்ந்தார். நின்றபடியே தூங்கிப்போனார்.

"பார்த்தீர்களா பிரபு, கெடு முடிகிற நேரத்தில் குறட்டை!"

சடகோபரின் கூச்சலில்தான் விழித்தார். எதிரே ராஜா. பக்கத்தில் லின். பத்து வருஷமாய் வந்து போகிறவன், தமிழ் நன்றாகவே பேசுவான்.

அவன் கைகொட்டினான்; மரத்தடியில் கிடந்த ஜாடியைக் காட்டினான். "அடடே, இவரேதான் அந்த எழுத்து! இந்த இரண்டு கோடு மனிதன், அந்த நாலு கோடு மரம். மரத்தில் சாய்ந்த மனிதன். ஓய்வு என்று அர்த்தம். பிறந்த கதையும் அதுதான்!"

ஆலாலசுந்தரம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எவ்வளவு நேரமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்! பார்க்க இப்போதுதான் வந்தீர்களா பிரபு?"

"அது சரி, குறட்டை எதற்கு?" என்றார் ராஜா.

"அர்த்தம் மட்டும் போதுமா? அது உச்சரிப்பு!"

லின் யோசித்தான். "நாங்கள் 'ஷியூ' என்போம். இவர் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆசனம் தப்பியது. ஜாடியும் பரிசாக வந்தது.

வீட்டில் அவர் மனைவி அலர்மேலு கதை முழுவதையும் கேட்டாள். ஜாடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இருபது வருஷமா இந்த எழுத்தோடதான் குடித்தனம் பண்றேன்," என்றாள். "இது சீன எழுத்துன்னு இன்னிக்குத்தான் தெரியுது."